ஏழு பக்கத்தில் ஒரு காமிக்ஸ் கதை: வில் ஐஸ்னர் வழி

1940 ஜூன் 2 முதல் அமெரிக்க ஞாயிறு செய்தித்தாள்களோடு 16 பக்க காமிக்ஸ் இணைப்பு ஒன்று வரத் தொடங்கியது. அதன் முதன்மைக் கதை 'தி ஸ்பிரிட்'. அதை உருவாக்கிய புரூக்ளின்காரர் வில் ஐஸ்னருக்கு அப்போது வயது 23. 1952 வரை ஓடிய அந்தத் தொடரில் பெரும்பாலான கதைகள் ஏழே பக்கம்தான். தானே எழுதி வரைய நினைப்பவர் பழகுவதற்கு இது சரியான அளவு. மூன்று பக்கத்தில் பாத்திரம் நிலைகொள்ளாது. இருபது என்று தொடங்கினால் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும்.

எழுதுவதும் வரைவதும் ஒரே கை என்றால், வசனத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டு வரைய உட்காராதீர்கள். அப்படிச் செய்தால் வசனம் சொன்னதையே படமும் திரும்பச் சொல்லும். ஓர் ஏ4 தாளை நான்காக மடித்தால் இரு புறமும் சேர்த்து எட்டுக் கட்டம் கிடைக்கும். ஏழில் கதைப் பக்கங்கள். எட்டாவதில் கதைச் சுருக்கம் இரண்டு வரி. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் பேனல்களை (கதையின் தனித்தனிப் படச் சட்டங்களை) கோடிட்டு, குச்சி மனிதர்களை நிறுத்தி, தவிர்க்கவே முடியாத வசனத்தை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். கறுப்பு எங்கே விழும் என்பதையும் இப்போதே மார்க்கரில் நிரப்பிவிடுங்கள்.

முதல் பக்கம் ஒரே பெரிய படம். மற்ற ஆறு பக்கத்துக்கும் தலா ஏழு பேனல் வைத்தால் 42. எண்ணிக்கை 50ஐத் தாண்டினால் பேனல்களைச் சின்னதாக்கி நுழைக்கப் பார்க்காதீர்கள். ஒரு பாத்திரத்தைத் தூக்குங்கள். ஏ3 தாளில் வரைந்து ஏ4இல் அச்சிடும்போது எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கும். நெருக்கிய பேனலில் முகம் புளியங்கொட்டை அளவுக்குப் போய்விடும், அதில் எந்த உணர்ச்சியும் தெரியாது.

முதல் பக்கத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். செய்தித்தாளோடு வந்ததால் ஐஸ்னரின் இணைப்பு கடையில் தொங்கி விலைபோக வேண்டியதில்லை. தலைப்பு வாராவாரம் ஒரே வடிவில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் தலைப்பு எழுத்துகளைக் கட்டடங்களாக நிறுத்தினார், காற்றில் பறக்கும் காகிதத் துண்டுகளாக்கினார். நீங்கள் செய்ய வேண்டியது: கதை நடக்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்திலேயே இருக்கும் ஒரு பொருளில் (சுவர், பெயர்ப்பலகை, படிக்கட்டு) தலைப்பை எழுதுங்கள். சுவர் சாய்வாக ஓடினால் மறைபுள்ளியை (தூரம் போகும் கோடுகள் சேர்வதுபோல் தெரியும் புள்ளியை) குறித்து, எழுத்துக்கு ஒரு கட்டம் வீதம் பென்சிலில் பிரித்த பிறகே எழுத வேண்டும். கட்டமில்லாமல் எழுதினால் 'ண', 'ற' போன்ற அகல எழுத்துகள் தூரத்திலும் பெரிதாகவே நின்று சுவரைத் தட்டையாக்கிவிடும். இன்னொரு பொதுவான பிழை, முதல் பக்கத்தைப் போஸ்டர் மாதிரி வரைவது. நாயகன் இடுப்பில் கை வைத்து நிற்பதால் கதை தொடங்காது. யாரோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஏதோ விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

புத்தகமாக அச்சிட்டால் 1, 3, 5, 7 வலப்பக்கம். தாளைப் புரட்டியதும் தெரிவது 2, 4, 6. எனவே அதிர்ச்சியை 4 அல்லது 6இன் முதல் பேனலில் வையுங்கள். 3, 5இன் கடைசிப் பேனல் கேள்வியோடு நிற்கட்டும். எதிரெதிர்ப் பக்கமான 3இல் அதிர்ச்சியை வைத்தால், வாசகர் 2ஐப் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும்.

நேரத்தை நீட்டப் பேனல்களைக் கூட்டுங்கள். ஒருவர் கதவைத் திறக்கத் தயங்குகிறார் என்றால் ஒரே கோணம், ஒரே பின்னணி, நான்கு ஒடுங்கிய பேனல்கள். கை மட்டும் நகரட்டும். கோணத்தையும் மாற்றினால் தயக்கம் போய்ப் பரபரப்பு வந்துவிடும். 1949இல் வந்த 'டென் மினிட்ஸ்' என்ற ஸ்பிரிட் கதையில் ஒருவன் வாழ்வின் பத்து நிமிடத்தை, படிக்கவும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும்படி ஐஸ்னர் அமைத்தார்.

அவருடைய தந்தை யூத நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை ஓவியம் தீட்டியவர். ஐஸ்னரின் பாத்திரங்களும் மேடை நடிகர்களைப் போல முழு உடம்பால் நடிப்பவர்கள். பென்சில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு முகத்தையும் விரலால் மறைத்துப் பாருங்கள். தோளும் முழங்காலும் மட்டுமே கோபமா சோர்வா என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால் புருவத்தைத் திருத்திப் பயனில்லை, முதுகெலும்புக் கோட்டை அழித்து மறுபடி போடுங்கள்.

ஐஸ்னர் என்றால் மழை. அவர் வரைந்த கொட்டும் மழைக்கு சக காமிக்ஸ் ஓவியர் ஹார்வி கர்ட்ஸ்மன், ஐஸ்னர் பெயரோடு நீர்த்தெறிப்பைச் சேர்த்து 'ஐசன்ஷ்பிரிட்ஸ்' என்று கேலியாகப் பெயரே வைத்தார். அதை வரையத் தடித்த கார்ட்ரிட்ஜ் தாள், நீரில் கரையாத இந்தியன் இங்க், வெள்ளை போஸ்டர் கலர், 2 அல்லது 3ஆம் எண் உருண்டை பிரஷ் போதும். முதலில் வெளிச்சம் வரும் திசை ஒன்றை முடிவு செய்து நிழல்களைக் கறுப்பால் நிரப்புங்கள். இரவு முழுக்கக் காயவிட்டு, பிறகு கறுப்பின்மேல் வெள்ளைக் கோடுகளும் வெள்ளைப் பகுதியில் கறுப்புக் கோடுகளுமாக மழையை இழுங்கள். எல்லாம் ஒரே சாய்வில், வெவ்வேறு தடிமனில். மழை தரையில் முடியக் கூடாது: தொப்பி விளிம்பில் சொட்ட வேண்டும், படிக்கட்டில் வழிய வேண்டும். வெள்ளை சாம்பல் நிறமானால், அடியில் இருப்பது ஃபவுண்டன் பேனா மையாக இருக்கலாம். அது சாயம், ஈரம் பட்டதும் கரையும். அதற்காக இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் நாக்கு அடைத்துக்கொண்டு பேனாவே போய்விடும்.

வசனம் எழுதிய பிறகு பலூன் (வசனத்தைச் சுற்றி வரும் வளையம்) போடுங்கள். பலூனை முதலில் போட்டால் கடைசி வரி நசுங்கும். ஏ3 தாளில் எழுத்து உயரம் 5 மி.மீ. இருந்தால் ஏ4இல் 3.5 மி.மீ. கிடைக்கும், அதற்குக் கீழே போக வேண்டாம். தமிழில் மேலே 'ி', கீழே 'ு' சுழிகள் ஓடுவதால் வரிகளுக்கு இடையே இன்னொரு 4 மி.மீ. விட வேண்டும். சொற்களும் நீளம், ஆகவே பலூன் உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கட்டும். ஒரு பேனலுக்கு 20 சொல் என்பதே எங்கள் வரம்பு.

கட்டக்கோடு இல்லாத பேனலை அளவோடு பயன்படுத்துங்கள். 1978இல், 61 வயதில் வெளியிட்ட 'எ கான்ட்ராக்ட் வித் காட்' நூலில் ஐஸ்னர் பல இடங்களில் கோடுகளை விட்டுவிட்டு, கதவு நிலையையும் ஜன்னலையுமே படத்தைச் சுற்றிய சட்டமாக்கினார். பின்னணியில் அப்படி மூடும் பொருள் இல்லாமல் கோட்டை மட்டும் எடுத்தால் உருவங்கள் மிதக்கும்.

ஸ்கேன் கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). 300இல் எடுத்தால் மெல்லிய கோடுகள் படிக்கட்டாக உடையும்.

பதிப்பாளரிடம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். படைப்பாளிகள் உரிமையைப் பதிப்பாளருக்கே கைமாற்றிக் கொடுத்துவிட்டு வருவதே வழக்கமாக இருந்த காலத்தில், ஸ்பிரிட் தன் சொத்து என்று தொடங்கும்போதே பேசி முடித்தவர் ஐஸ்னர். அதனால்தான் 1970களில் மறுபதிப்புகள் வந்தபோது உரிமை அவரிடம் இருந்தது. முதல் வெளியீடு, மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு என்பதும், மூல ஓவியத் தாள்கள் எப்போது திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.