மகளைச் சாரணியர் படையில் சேர்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும்தான் பல வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் (கைட்ஸ்) இயக்கத்தின் நினைவே வருகிறது. "ராஜ்ய புரஸ்கார் வாங்கினா நல்லதாமே" என்று, மாநில அளவிலான அந்த விருதைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே பள்ளிக்குப் போய், இந்த வருடமே கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது.

கணக்கு எளிது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சேரும் பெண் முதலில் பிரவேஷ் என்ற நுழைவு நிலையில் மூன்று மாதமாவது இருக்க வேண்டும். அதன் பிறகு பிரதம சோபானுக்கு, அதாவது முதல் படிக்கு, ஆறு மாதம். அப்புறம் இரண்டாம், மூன்றாம் படிகளான த்விதீய சோபான், த்ருதீய சோபான். இவற்றை முடித்த பிறகுதான் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே ராஷ்டிரபதி (குடியரசுத் தலைவர்) விருது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சக் காலம் உண்டு என்பதால், எப்படிக் கூட்டினாலும் ராஜ்ய புரஸ்காருக்கே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகிவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் மூச்சுவிட நேரம் வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதுதான் சரி. பத்து வயது முடிந்தால் சாரணியர் படையில் சேரலாம். அதைவிடச் சிறிய பெண்களுக்கு நீலப்பறவையர் பிரிவு இருக்கிறது. பல பெற்றோருக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

இன்னொரு குழப்பம், என்.சி.சி., ஜே.ஆர்.சி., சாரணியர் மூன்றையும் ஒன்றாக நினைப்பது. என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. அணிவகுப்பும் படைப்பயிற்சியும் அதில் முக்கியம். ஜே.ஆர்.சி. செஞ்சிலுவைச் சங்கத்தின் இளையோர் பிரிவு. சாரணியர் இயக்கத்தில் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அணித்தலைவியும் அவர்களில் ஒருத்தியாகவே இருப்பாள். கூட்டம் கண்டாலே ஒதுங்கும் பெண்ணுக்கு இந்தச் சின்ன அணி நன்றாகப் பொருந்தும் என்பது என் அனுபவம். மகளுக்கு எது பிடிக்கும் என்று அவளிடமே கேளுங்கள். பள்ளியில் படை இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். பள்ளி சாராத திறந்த குழுக்களும் உண்டு, மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சேர்ந்த வாரமே ஸ்கார்ஃப், பேட்ஜ், தொப்பி என்று கடைக்கு ஓடாதீர்கள். உறுப்பினர் பேட்ஜும் ஸ்கார்ஃபும் உறுதிமொழி ஏற்கும் விழாவில் அணிவிக்கப்படுபவை. மூன்று மாதம் காத்திருந்து, மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழி சொல்லி, இடது கையால் கைகுலுக்கி வாங்கும்போதுதான் அதற்கு மதிப்பு. முன்கூட்டியே வீட்டில் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால் அந்த நாளில் என்ன மிச்சம்?

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது லாக் புக் விஷயம். சேவை செய்தது, முகாமில் சமைத்தது, கற்ற முடிச்சுகள் எல்லாவற்றையும் அந்தப் பெண் தானே எழுதிவைக்க வேண்டிய ஏடு அது. நம் ஊரில் அது அம்மாவின் வீட்டுப்பாடமாகிவிட்டது. அழகான கையெழுத்து, ஸ்கெட்ச் பேனா பார்டர், ஸ்டிக்கர். தேர்வு முகாமில் தேர்வாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கயிற்றை நீட்டுவார், பிள்ளை முழிக்கும்.

நான் அப்படி முழித்தவள். ரீஃப் முடிச்சு போடச் சொன்னார்கள். வலது மேல் இடது, மறுபடியும் வலது மேல் இடது என்று போட்டுவிட்டேன். வந்தது கிரானி முடிச்சு, இழுத்தால் நழுவும். இரண்டாவது சுற்றில் இடது மேல் வலது என்று மாற்ற வேண்டும். சரியாகப் போட்டால் முடிச்சு தட்டையாகப் படுத்துக்கொள்ளும், அதனால்தான் முதலுதவியில் முக்கோணக் கட்டுக்கு இதைப் போடுகிறார்கள். படம் பார்த்து மனப்பாடம் செய்தால் இது கைக்கு வராது. இரண்டு நிறக் கயிறு வாங்கிக் கொடுங்கள், எந்த முனை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கோணலும் மாணலுமாக இருந்தாலும் ஏட்டை அவளே எழுதட்டும்.

முகாம் என்றதும் "ராத்திரி தங்குறதெல்லாம் வேண்டாம்" என்று மறுப்பது அடுத்தது. அந்தப் பயம் எனக்கும் புரியும். 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த ஜம்போரி என்ற சாரணர் பெருமுகாமில் நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஒரு பெண்ணைத் திடீரென்று அப்படி அனுப்ப முடியாது. சின்னச் சின்ன முகாம்களில் பழகியிருக்க வேண்டும். ஒரேயடியாக மறுப்பதற்குப் பதில் கேள்வி கேளுங்கள். உடன் வரும் கைடு கேப்டன், அதாவது படைப் பொறுப்பாளர், யார்? இரவில் பெண்களோடு தங்கும் பெண் பொறுப்பாளர்கள் எத்தனை பேர்? கழிப்பறை எங்கே? அவசரத்துக்கு எந்த எண்? இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லாத முகாமுக்கு அனுப்பாதீர்கள், கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள். அனுப்புவதாக இருந்தால் மாதவிடாய்க்குத் தேவையானவற்றைத் தேதி பார்க்காமல் பையில் வையுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். "சொன்னால் சேர்க்க மாட்டார்கள்" என்று மறைப்பவர்கள் நிறையப் பேர்.

சான்றிதழ் இருந்தால் ரயில்வே வேலை நிச்சயம் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு ராஷ்டிரபதி விருது அல்லது சாரணர் தலைவர்களுக்கான பயிற்சித் தகுதியான ஹிமாலயன் உட்பேட்ஜ் வேண்டும், கடந்த ஐந்து ஆண்டுகள் இயக்கத்தில் தொடர்ந்து இருந்ததற்குச் சான்று வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். பள்ளி முடிந்ததும் விட்டுவிட்டவர்களுக்கு இது பயன்படாது. தொடர நினைப்பவர்களுக்குக் கல்லூரிப் பருவத்தில் திரிசாரணியர் பிரிவு இருக்கிறது.

பள்ளி மாறும்போது டி.சி.யை மறக்காமல் வாங்குகிறோம், லாக் புக்கையும் சோபான் சான்றிதழ்களையும் அங்கேயே விட்டுவிடுகிறோம். கையெழுத்துப் போட்ட கேப்டனும் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தால், முடித்த நிலைகளை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். டி.சி. வாங்கும் அன்றே அவற்றையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.