குழலூதும் சாட்டிரை ஆட்டத்தில் இறக்குவது எப்படி

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக் (2014) கணக்கில் சாட்டிர் ஒரு சில்லறை எதிரிதான். ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) 14, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 31, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடுமை) அரை. முதல் லெவல் கேரக்டர்கள் நான்கு பேர் வளைத்துக்கொண்டால் இரண்டு மூன்று ரவுண்டில் (சுற்றில்) ஆள் காலி. அப்படிக் காலியானால் பிழை சாட்டிருடையது அல்ல, ஆட்டத்தை நடத்தும் டிஎம்முடையது. ஆட்டுக்காலும் கொம்புமாக வரும் இந்த ஃபே (தேவதைக் கதை உலகத்து) பிராணி வெட்டிக்கொள்ள வரவில்லை, வம்பிழுக்க வருகிறது. அதன் ஆயுதம் கத்தி அல்ல, குழல்.

அந்தக் குழல் அதன் வழக்கமான ஆக்‌ஷன்களுக்குள் (தன் முறை வரும்போது செய்யும் காரியங்களுக்குள்) இல்லை; விதிநூலில் தனிப் பெட்டியில் விருப்ப விதியாகத் தந்திருப்பார்கள். நிறைய பேர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஊதுவதற்கு ஒரு ஆக்‌ஷன். 60 அடிக்குள் அதைக் கேட்கும் ஒவ்வொருவரும் விஸ்டம் சேவிங் த்ரோவில், அதாவது 20 முகப் பகடையை உருட்டித் தன் விஸ்டம் கூட்டலையும் சேர்த்து, 13 எடுக்க வேண்டும். தவறினால், மூன்று மெட்டில் சாட்டிர் எதை ஊதியதோ அதற்கேற்ப மயங்குவார்கள், மிரளுவார்கள் அல்லது தூங்கிவிடுவார்கள். அதிகபட்சம் ஒரு நிமிடம். பாதிக்கப்பட்டவர் தன் ஒவ்வொரு டர்னின் (ஆடும் முறையின்) முடிவிலும் மறுபடி உருட்டலாம். ஒருமுறை தப்பிவிட்டால் அந்தக் குழல் 24 மணி நேரத்துக்கு அவரை ஒன்றும் செய்யாது.

கடைசி வரியில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு ஆளிடம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரே மெட்டுதான் பலிக்கும். முதலில் தூங்கவைத்து, எழுந்ததும் மிரட்டி, பிறகு மயக்கலாம் என்று திட்டம் போட்டால் இரண்டாவது மெட்டிலேயே புஸ்ஸென்று போய்விடும். அதனால் மூன்று மெட்டையும் மூன்று இரவுகளுக்குப் பிரித்து வையுங்கள்.

முதல் இரவுக்குத் தாலாட்டு. கணக்கைப் பாருங்கள்: விஸ்டத்தில் கூட்டல் எதுவும் இல்லாதவர் 13 எடுக்க 40 சதவீத வாய்ப்பு. ஆகவே 60 சதவீதம் தூங்குவார். தன் முதல் டர்ன் முடிவில் மறுபடி உருட்டுவார். தூங்கியவர்களில் அந்த டர்னைத் தாண்டியும் குறட்டை விடுபவர் 60 சதவீதம், இரண்டாவதைத் தாண்டியும் 36, மூன்றாவதைத் தாண்டினால் 22. அடிபட்டாலோ, பக்கத்தில் இருப்பவர் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து உலுக்கினாலோ அதற்கும் முன்பே எழுந்துவிடுவார். ஆக, சாட்டிருக்குக் கிடைப்பது இரண்டு குறும்புக்கான நேரம். பூட்ஸ் கயிறுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது ஒன்று, மந்திரவாதியின் தொப்பியைக் கிளையில் மாட்டுவது இன்னொன்று. பத்துக் காரியம் எழுதி வைத்தால் எட்டு வீணாகும்.

குழுவில் எல்ஃப் இனத்துக் கேரக்டர் இருந்தால் கொண்டாட்டம். மந்திரத்தால் எல்ஃபைத் தூங்கவைக்க முடியாது. சுற்றிலும் எல்லோரும் சாய்ந்து கிடக்க, கொம்பு முளைத்த ஒருவன் சட்டிக்குள் கைவிடுவதை அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியை அவசரப்படாமல் அந்த ஆட்டக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் இரவின் மயக்கும் மெட்டில்தான் டிஎம்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மயங்கியவர் சாட்டிரின் கைப்பொம்மை ஆகிவிடுவதில்லை. அதைத் தாக்க மாட்டார்; அது அவரிடம் பேசிக் காரியம் சாதிப்பது சுலபமாகும். அவ்வளவுதான். சாட்டிரோ அதன் கூட்டாளியோ அவரைக் காயப்படுத்தினால் அந்த நொடியே தெளிந்துவிடுவார். இந்த மெட்டைக் காமச் சேட்டைக்கும் பயன்படுத்தாதீர்கள். கிரேக்கக் கதைகளில் சாட்டிருக்கு அந்தப் பெயர் உண்டு, ஆனால் மேசையில் அது ஒருவர் முகத்தையாவது சுளிக்கவைக்கும். விருந்துக்கு இழுத்துப் போய் ஆடவைத்தால் போதும்.

மிரட்டும் மெட்டு மூன்றாம் இரவுக்கு, ஆட்டக்காரர்கள் வலை விரித்துக் காத்திருக்கும்போது. மிரண்டவர் சாட்டிரை நெருங்க முடியாது; அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை அவருடைய தாக்குதல்களெல்லாம் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) போகும். சாட்டிரின் வேகம் 40 அடி, மனிதருக்கு 30. துரத்திப் பிடிக்க விட்டால் யாருக்கும் சுவாரஸ்யம் இருக்காது. அதற்கு ஒரு ஆசையைக் கொடுங்கள்: நல்ல ஒயின், கேட்டிராத ஒரு பாட்டு, தோற்றுப்போன பந்தயத்தை மறுபடி ஆட ஒரு வாய்ப்பு. பிடிக்க முடியாததை வரவழைத்துவிடலாம்.

தப்பிக்கும் வழியும் வேண்டும். காதில் மெழுகு அடைத்தவருக்குக் குழல் கேட்காது, ஆகவே பலிக்காது. யாராவது இதைக் கண்டுபிடித்தால் பகடை கேட்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாம் லெவல் கிளெரிக்கிடம் (பூசாரிக் கேரக்டரிடம்) சைலன்ஸ் என்ற மந்திரம் இருந்தால் 20 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் குழல் ஊமை. ஆனால் மயக்கும் மந்திரமான சார்ம் பெர்சன், அசையவிடாமல் கட்டும் ஹோல்ட் பெர்சன் இரண்டும் மனித வகைக்கு மட்டுமே, ஃபேயிடம் செல்லாது. புதிய ஆட்டக்காரர் அதற்கு ஸ்லாட்டை (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பை) எரிக்கப் போனால், "இது மனுஷப் பிறவி இல்லை என்று உனக்குத் தெரியும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கையிலும் கவனம். முதல் லெவல் நால்வருக்கு ஒரு சாட்டிர் எளிது, இரண்டு கடினம், மூன்று உயிருக்கே ஆபத்து. தூங்குகிறவரை ஐந்தடிக்குள் நின்று குத்தினால், பட்ட அடி தானாகவே கிரிட்டிகல் (அடிப் பகடைகள் இரட்டிப்பு) என்பதை மறக்க வேண்டாம். சாட்டிர்கள் பல வந்தாலும் குழல் ஒன்றிடம் மட்டும் இருக்கட்டும்.

மேசையில் சத்தம் சேர்க்க விரும்பினால் மெட்டுக்கு ஒன்றாக 20 விநாடித் துண்டுகள் மூன்றை ஃபோனில் தயாராக வையுங்கள். தாலாட்டுக்கும் மயக்கத்துக்கும் பான் குழல் (குழாய்களை வரிசையாகக் கட்டியது) பொருந்தும். மிரட்டலுக்கு அது மென்மை. பழைய கிரேக்க ஜாடி ஓவியங்களில் சாட்டிர்கள் ஊதுவது ஆலோஸ் என்ற இரட்டைக் குழலை. நாகஸ்வரத்தின் சீவாளி போல இரட்டை நாணல் வைத்த கருவி அது. ஆலோஸ் பதிவு கிடைக்காவிட்டால் நாகஸ்வரத்தில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்த துண்டே வயிற்றைக் கலக்கும்.

திருடிய பொருள் அதே அமர்வில் திரும்பி வந்துவிட வேண்டும், முக்கியமாக மந்திரவாதியின் ஸ்பெல்புக் (மந்திரப் புத்தகம்). அடுத்த வாரம் வரை இழுத்தால் சிரிப்பு எரிச்சலாகிவிடும். ஆட்டக்காரர்கள் குழலைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு மெட்டு, ஒரே ஒரு முறை, அதன்பின் வெறும் மரம் என்று வைத்தால் ஆட்டத்தின் சமநிலை கெடாது.