ஐ.என்.ஆர். சரியாக வர: நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம்

ரத்தக்கட்டிக்கு வார்ஃபரினோ அசிட்ரோமோ (ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரைகள்) சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். கால், நுரையீரல் ரத்தக்கட்டிக்குப் பொதுவாக 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். இதே வேலைக்கான வேறு மாத்திரைகளான ரிவரோக்சபான், அபிக்சபான் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை.

ரத்தம் எடுக்கும்போது குழாயைக் கவனியுங்கள். மூடி வெளிர் நீலம். உள்ளே ரத்தம் உறையாமல் காக்கும் சிட்ரேட் திரவம் 0.3 மி.லி. ஏற்கெனவே இருக்கும், 2.7 மி.லி. ரத்தம் சேர்ந்து கோட்டைத் தொட வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று பாதியில் நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி, உறைய நேரம் பிடித்து, எண் பொய்யாக ஏறும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் கட்டி திரும்ப வரலாம். கோடு வரை வராவிட்டால் புதுக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். எடுத்ததும் மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், குலுக்கக் கூடாது.

பென்னாகரத்திலோ அரூரிலோ எடுத்த ரத்தம் தருமபுரி லேபுக்குப் போகிறதென்றால் ஐஸில் வைக்க வேண்டாம். குளிரில் ஏழாம் உறைகாரணி (ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்று) தூண்டப்பட்டு கணக்கைக் கெடுத்துவிடும். மூடி திறக்காமல், வெயில் படாமல் இருந்தால் 24 மணி நேரம் தாங்கும். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி ஏறும்போது பார்க்கிற ஏ.பி.டி.டி. என்ற வேறொரு உறைவுச் சோதனைக்கு இந்த அவகாசம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) லேபில் பிரித்தாக வேண்டும்.

உங்கள் ரத்தம் உறைய 26 நொடி, இயல்பு 13 நொடி என்றால் விகிதம் 2. லேபில் ரத்தத்தோடு கலக்கும் சோதனை மருந்தின் ஐ.எஸ்.ஐ. (அதன் உணர்திறனைக் காட்டும் எண், மருந்துக்கு மருந்து மாறும்) 1.2 என்றால், 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி ஐ.என்.ஆர். 2.3 என்று வரும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

மாத்திரை மாலையில், சோதனை காலையில் என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கே அளவை மாற்ற முடியும். மாற்றிய மறுநாளே பார்த்துப் பயனில்லை. முழுப் பலன் தெரிய ஐந்தாறு நாளாகும். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். நோட்டில் தேதி, எண், போட்ட மாத்திரை, விட்ட வேளை எல்லாம் இருக்கட்டும்.

களிக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் நம் ஊரில் முடியாது, நிறுத்தவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாளே. திடீரென்று தினமும் முருங்கைக்கீரை என்றால் வைட்டமின் கே கூடி எண் இறங்கும். கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோல் எண்ணை ஏற்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்தான் பெரிய ஆபத்து: எண் அசையாமலே வயிற்றில் ரத்தம் கசியும்.

மலம் தார் போலக் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ எண் 2.5 என்று இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்; நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.