பூமிக்குள் ஒளிந்திருக்கும் நீரும் வாயுவும்: எங்கே தவறு செய்கிறோம்?

பிரேசிலில் ஜுயினா என்ற இடத்தில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் மிகச் சிறிய துணுக்கு இருந்தது. அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் நீர் என்று 2014இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உடனே 'பூமிக்கு அடியில் மாபெரும் கடல்' என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அந்தப் படம் இன்னும் பலர் மனதில் அப்படியே இருக்கிறது.

அங்கே கடல் கிடையாது. அந்தக் கனிமம் இருக்கும் அடுக்கில், அதாவது 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில், இருப்பது திடப்பாறை. ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன், படிகத்தின் கட்டமைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாறையை நசுக்கினாலும் ஈரம் கசியாது. அதை உருக்கினாலோ, படிகம் வேறு கனிமமாக மாறினாலோதான் நீர் பிரியும். எளிதில் வாயுவாகிவிடும் 'ஆவியாகும் தனிமங்கள்' என்றதும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், கந்தகம், மந்த வாயுக்கள் எல்லாம் ஏதோ குகைகளில் அடைபட்டிருப்பதாக நினைத்துவிடுகிறோம். பூமிக்குள் அவற்றில் பெரும்பங்கு கனிமங்களுக்குள்ளும் உருகிய பாறையிலும் கரைந்தே இருக்கிறது.

இதையொட்டி வரும் இன்னொரு தவறு கொஞ்சம் ஆழமானது. பாடம் நடத்துபவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: 'கடலடித் தட்டு (கடலுக்கு அடியில் நகரும் பாறைப் பலகை) கீழே அமிழ்கிறது, சூட்டில் உருகுகிறது, அதுவே எரிமலையாக வெளியே வருகிறது.' கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிழும் தட்டு சுற்றியுள்ள கவசத்தைவிட, அதாவது பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கைவிடக் குளிர்ந்தது. பெரும்பாலான இடங்களில் அது உருகுவதில்லை. நடப்பது வேறு. கடலுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த அந்தத் தட்டின் கனிமங்கள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆழம் கூடக் கூட அழுத்தமும் வெப்பமும் ஏறி அந்தக் கனிமங்கள் சிதையும். வெளியேறும் நீர் மேலே உள்ள சூடான கவசப் பாறைக்குள் புகும். பனிக்கட்டியில் உப்புத் தூவினால் அதன் உருகுநிலை இறங்குவது போல, நீர் புகுந்த பாறையின் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். அதே வெப்பத்தில் திடமாக இருந்த பாறை இப்போது உருகத் தொடங்கும். ஆக, உருகுவது தட்டு அல்ல, தட்டுக்கு மேலே இருக்கும் கவசம். அதைத் தூண்டுவது நீர். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது. பசிபிக்கைச் சுற்றி ஜப்பானிலும் ஆண்டிஸ் மலைகளிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம்.

அதற்காக எல்லா எரிமலைக்கும் நீரையே காரணம் சொல்லிவிடக் கூடாது. கடல் நடுவே தட்டுகள் விலகும் முகடுகளில், பாறை மேலெழும்போது அழுத்தம் குறைவதாலேயே உருகுகிறது.

சரி, வெளியே வந்த பிறகு? எரிமலைச் சாம்பல் சூரியனை மறைத்து உலகைக் குளிர்விக்கிறது என்பார்கள். சாம்பலில் பெரும்பகுதி சில நாட்களிலோ வாரங்களிலோ விழுந்துவிடும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது ஏறக்குறைய 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு மேல் வளிமண்டலத்துக்குப் போனது. அது நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறி ஓராண்டுக்கு மேல் மிதந்தது. உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. எனவே ஒரு வெடிப்பு காலநிலையை எவ்வளவு பாதிக்கும் என்று அறிய, அது எவ்வளவு பாறையைக் கக்கியது என்பதைவிட எவ்வளவு கந்தகத்தை எவ்வளவு உயரத்துக்கு அனுப்பியது என்று பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. மனிதர்களைவிட எரிமலைகளே அதிகம் வெளியிடுகின்றன என்ற பேச்சு தவறு. எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஓராண்டில் விடுவது, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவுதான். ஆனால் 'அப்போது அது ஆபத்தில்லாதது' என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. 1986 ஆகஸ்டில் கேமரூனின் நியோஸ் ஏரியில் எரிமலை எதுவும் வெடிக்கவில்லை. பூமிக்குள்ளிருந்து கசிந்து ஏரியின் அடியில் கரைந்து சேர்ந்திருந்த கார்பன் டை ஆக்சைடு ஒரே இரவில் பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தாக்குகளில் தாழ்ந்து பரவியது. 1,700க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அப்புறம் ஏரியின் அடிநீரை மேலே கொண்டுவரும் குழாய்கள் பொருத்தி, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றத் தொடங்கினார்கள்.

கடல்நீர் முழுவதும் வால்மீன்கள் கொண்டுவந்தது என்று உறுதியாக எழுதுவதையும் தவிர்க்கலாம். நீர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கனமான ஹைட்ரஜனின் விகிதம் ஒரு கைரேகை மாதிரி. ரோசெட்டா விண்கலம் 67பி என்ற வால்மீனில் அளந்தபோது, அதன் நீரில் அந்த விகிதம் நம் கடலில் இருப்பதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. கடலோடு ஒத்துப்போகும் வால்மீன்களும் உண்டு. ஆனாலும் விண்கற்களும் பூமியைக் கட்டிய பாறைகளுமே பெரும்பங்கு தந்திருக்கும் என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது.

கடைசியாக, வளிமண்டல வாயுக்கள் எல்லாம் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்தவை என்ற எண்ணம். காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான். அதில் கிட்டத்தட்ட முழுவதும் ஆர்கான்-40 என்ற வகை. பூமி உருவானபோது அது இங்கே அநேகமாக இல்லவே இல்லை. பாறைகளில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்து பிறந்து, பாறை உருகும்போதெல்லாம் மேலே தப்பி வந்தது. பொட்டாசியம் இன்னும் சிதைந்துகொண்டிருக்கிறது, ஆர்கானும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.