வாடகை பேசும் முன் மீட்டரைப் பாருங்கள்

இலங்கையில் கண்டி, ஹட்டன், நுவரெலியா பக்கம் வேலைக்கு வரும் தமிழ்நாட்டு ஆட்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லோரும் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், சமையலறையில் கறி சமைக்க விடுவார்களா என்றே கேட்கிறார்கள். கரண்ட் மீட்டர் யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வீசா, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் உங்களைக் கூப்பிட்ட கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கரண்ட், தண்ணீர்க் கணக்குகள் வழக்கமாக வீட்டுக்காரர் பெயரிலேயே தொடரும். உங்கள் பெயருக்கு மாற்ற அலைய வேண்டாம். பழைய நிலுவை இருக்கிறதா என்று மட்டும் கடைசி பில்லை வாங்கிப் பாருங்கள்.

இனி அந்த மீட்டர் விஷயம். குறைந்த வாடகைக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரர் வீட்டிலேயே ஒரு தனிப் பகுதி. வீட்டுக்காரர் கீழே, நீங்கள் மேலே. மலைச்சரிவில் கட்டிய வீடென்றால் அவர் மேலே, நீங்கள் கீழே. இரண்டுக்கும் சேர்த்து கரண்ட் மீட்டர் ஒன்றுதான் இருக்கும்.

திருச்சியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கண்டிக்கு வெளியே அப்படியொரு அனெக்ஸ் எடுத்தார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், பொங்கலுக்குப் பால் வாங்கிக் கொடுத்தவர். “நீங்கள் வருவதற்கு முன் என் பில் எவ்வளவு, வந்தபின் எவ்வளவு, அந்த வித்தியாசத்தை மட்டும் தாருங்கள்” என்றார். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? நண்பரும் தலையாட்டிவிட்டார்.

இந்தக் கணக்கில் இருக்கும் வில்லங்கம், இங்குள்ள கட்டண முறை தெரிந்தால்தான் புரியும். உங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம் பில், இலவசம் கிடையாது. 30, 60, 90, 120, 180 யூனிட் என்று படிகள். ஒவ்வொரு படி ஏறும்போதும் யூனிட் விலையும் ஏறும், யூனிட் விலைக்கு மேல் மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணமும் ஏறும். 60-ஐத் தாண்டினால் இன்னொரு இடி: முதல் 60 யூனிட்டுக்கும் வேறு, கூடுதலான விலை போட்டுவிடுவார்கள். 2025 கட்டணத்தில் முதல் படி யூனிட்டுக்கும் 180-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அந்தக் கட்டணத்திலேயே பார்ப்போம். வீட்டுக்காரர் குடும்பம் மாதம் 140 யூனிட் எரிக்கிறது, நண்பர் 55 என்று வையுங்கள். தனி மீட்டர் இருந்திருந்தால் நண்பரின் 55 மலிவான படிகளுக்குள்ளேயே முடிந்திருக்கும். ஒரே மீட்டரில் அது 140-க்கு மேல் போய் உட்காருகிறது. 40 யூனிட் விலை கூடிய படியில், மிச்சம் 15 உச்சிப் படியில், அதோடு நிலைக்கட்டண உயர்வும் சேர்ந்து, தனி மீட்டரில் கட்டியிருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் ஒரு சதம்கூடத் திருடவில்லை. மலிவான படி முழுக்க அவருக்கு, உச்சி முழுக்க நண்பருக்கு என்று அந்த “வித்தியாசம்” பிரித்துவிட்டது. நண்பர் பல மாதம் கட்டிவிட்டு, வயரிங் கோளாறோ என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து அவருக்கும் காசு கொடுத்தார்!

முன்பெல்லாம் இந்தப் பேச்சே வந்ததில்லை. 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதம் (சதவீதம்) ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். பிறகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்து, ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். அதனால் போன வருடம் குடியிருந்தவர் சொல்லும் தொகையை நம்பி வரவுசெலவு போடாதீர்கள்.

தனி மீட்டர் உள்ள வீடு வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் பகுதி யூனிட்டை மட்டும் காட்டும் சப் மீட்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்லி, மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரி விலையில் உங்கள் யூனிட்டுக்குக் கொடுங்கள். மேலே சொன்ன கணக்கில் இது வித்தியாச முறையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ஊரில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்கும் வீட்டுக்காரரைத் திட்டுவீர்களே, இங்கே அப்படி ஒருவர் கிடைத்தால் விலையைக் கேட்டுவிட்டுக் கும்பிடலாம். தண்ணீர் மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்றும் பாருங்கள். மேட்டு வீடுகளில் அது சும்மா இருக்காது.

அடுத்தது சுடுதண்ணீர். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். ஃபேன், ஏசி செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவீர்கள். அதைக் குளியலறை ஹீட்டர் தின்றுவிடும். 3.5 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் தினம் கால் மணி நேரம் குளித்தால் மாதம் 26 யூனிட். இரண்டு பேர் என்றால் 52. அந்த 60 யூனிட் எல்லையில் மிஞ்சுவது எட்டுத்தான், அதில் ஃபிரிட்ஜ் ஓடுமா? கண்டியில் இவ்வளவு குளிர் இல்லை, வெயில் ஏறியபின் பச்சைத் தண்ணீரிலேயே சமாளிக்கலாம்.

பின்புறம் விறகடுப்பு உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு (தேயிலைச் செடியின் காய்ந்த குச்சி) நின்று எரியும். எங்கள் அம்மா விடியற்காலையில் அதில்தான் ஒரு பெரிய சட்டித் தண்ணீர் காய வைப்பார், நாங்கள் காம்பராவிலிருந்து (தோட்டத்து லயன் வீட்டு அறை) போர்வையோடு வந்து அடுப்பைச் சுற்றி உட்காருவோம். ஹீட்டர் வாங்கிக் கொடுத்த பிறகும் அம்மா அந்த அடுப்பை இடிக்கச் சம்மதிக்கவில்லை.

தண்ணீர் பில் சிறியது. கண்டி, நுவரெலியா டவுனுக்குள் மாநகர சபை தரும், மற்ற பல இடங்களில் தேசிய நீர் வழங்கல் சபை. ஆள் கணக்கில் பிரித்துக்கொண்டால் சண்டை வராது. தேயிலைத் தோட்டப் பக்கம் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது) என்றால் பில்லே இல்லை, ஆனால் மழைக்குக் கலங்கி வரும், கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கேஸ் 12.5 கிலோ சிலிண்டர். ஊரைப் போல புத்தகம், புக்கிங், மானியம் எதுவும் இல்லை. காலி சிலிண்டரைக் கடையில் கொடுத்து நிரம்பியதை வாங்கி வர வேண்டியதுதான். முதல் தடவை சிலிண்டருக்கும் சேர்த்துக் காசு போகும், ஆகவே வீட்டுக்காரரிடம் பழைய சிலிண்டர் சும்மா கிடக்கிறதா என்று கேளுங்கள். ஊரிலிருந்து வரும்போது பிரஷர் குக்கரை மறக்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை (டிகிரி) செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த சட்டியில் கொண்டைக்கடலை வேக வைத்தால் கேஸ்தான் தீரும்.