லெபனான் மலைக்கொடி வெள்ளை ஒயின்: முதல் பாட்டிலைத் திறப்பது எப்படி?

வெள்ளை ஒயின் என்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து சில்லென்று ஊற்றி உடனே குடிக்க வேண்டியது என்றுதான் நம்மில் பலர் பழகியிருக்கிறோம். பெரும்பாலான வெள்ளை ஒயினுக்கு அது சரிதான். ஆனால் லெபனானின் ஷாட்டோ முசார் வெள்ளை ஒயினை அப்படிக் குடித்தால் பாதிக் காசு வீண். நான் முதல் தடவை அப்படித்தான் குடித்தேன், ஏதோ ஒரு புளிப்பு, அவ்வளவுதான் நாக்குக்குத் தெரிந்தது. மறுநாள் மாலை மிச்சத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேறு வேலையில் மறந்துபோய், ஒரு மணி நேரம் கழித்து வாயில் வைத்தால் தேனும் வறுத்த பாதாமுமாக மணக்கிறது! அதே பாட்டில்தான். உங்களுக்கு அந்த முதல் நாள் வீணாக வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த ஒயினில் இரண்டே திராட்சை வகைகள்: ஒபைதே, மெர்வா. இரண்டும் லெபனானுக்கே உரியவை. ஒபைதே காலங்காலமாக அராக் என்ற சோம்பு மணக்கும் சாராயத்துக்கும் போய்வந்த பழம். அது கிழக்கே ஆன்ட்டி லெபனான் மலையடிவாரத்தில் சுண்ணாம்பு மண்ணில் விளைகிறது, மெர்வா மேற்கே கடலைப் பார்த்த மலைச்சரிவில். உயரம் சுமார் 1,400 மீட்டர். பகலில் வெயில் கொளுத்தினாலும் ராத்திரி நன்றாகக் குளிரும், அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு கரைந்துபோய் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

கொடி என்றதும் பந்தலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முறுக்கிப் பிழிந்த மாதிரி குட்டையான, தடித்த ஓர் அடிமரம், அதன் தலையிலிருந்து நாலாபக்கமும் விரியும் கிளைகள், அவற்றின் இலை நிழலில் குலைகள். தூரத்திலிருந்து பார்த்தால் புதர்தான். சொட்டு மழை இல்லாத கோடையைத் தாங்க இந்த வடிவம் நன்றாக உதவுகிறது. கொடிகளில் சிலவற்றுக்கு நூறு வயதுக்கும் மேல். வயதான கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், ஆனால் காய்ப்பதில் சாரம் கூடும். இன்னொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தபோது அங்கே அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுப்போட்டுத்தான் திரும்ப நட்டார்கள். இந்த மலைக்கொடிகளோ ஒட்டுப்போடாமல் சொந்த வேரில் நிற்கின்றன, எனக்கு இந்த ஒயின்மேல் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒபைதே. நாக்கில் தெரியும் கனமும் தேன் வாசனையும் அதனிடமிருந்து வருகிறது, மெர்வா அதற்கு எலுமிச்சைத் தோலின் சுறுசுறுப்பைத் தருகிறது.

படி 2: லேபிளில் ஆண்டைப் பாருங்கள்

ஷாட்டோ முசார், கஸ்தோன் ஹோஷார் 1930இல் தொடங்கிய நிறுவனம். அவர் மகன் செர்ஜ் ஹோஷார் 1959இல் ஒயின் தயாரிப்பைக் கையில் எடுத்தார், உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் விடவில்லை, 1976 மட்டும்தான் ஒயினே எடுக்க முடியாமல் போனது. அவர்கள் பொறுமைக்குப் பேர்போனவர்கள். ஓக் பீப்பாயில் நொதித்த ஒயினைப் பாட்டிலில் அடைத்த பிறகும் உடனே விற்பதில்லை, அறுவடையிலிருந்து சுமார் ஏழு ஆண்டு கழித்துத்தான் கடைக்கு வரும். அதனால் லேபிளில் பழைய ஆண்டு இருந்தால் கடைக்காரர் தேங்கிய சரக்கைத் தலையில் கட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். முதல் பாட்டிலுக்கு இருப்பதிலேயே புதிய ஆண்டு போதும்.

படி 3: ஒரு நாள் முன்னதாக நிமிர்த்தி வையுங்கள்

வடிகட்டாமல் அடைத்த ஒயின், வண்டல் இருக்கலாம், நிமிர்த்தி வைத்தால் அது அடியில் தங்கிவிடும். கண்ணாடித்தூள் மாதிரி மின்னும் படிகங்களும் சில சமயம் தெரியும். அது திராட்சைப் புளிப்பின் உப்பு, பயம் வேண்டாம்.

படி 4: குளிர்ச்சியைச் சரிசெய்யுங்கள்

தயாரிப்பாளர்களே சொல்லும் அளவு 15 டிகிரி. ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலாக இருந்தால் எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள், அறையில் இருந்ததாக இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தெர்மாமீட்டர் தேவையில்லை, மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகக் குளிர்ச்சி கைக்குத் தெரிந்தால் சரி.

படி 5: கார்க்கை மெதுவாக எடுங்கள்

பழைய கார்க் நடுவில் உடையும். திருகியை நேராக நடுவில் இறக்கி, முழுசாக உள்ளே போன பிறகு அவசரமில்லாமல் இழுங்கள். உடைந்து தூள் உள்ளே விழுந்தால் சுத்தமான சின்ன வடிகட்டி வைத்து ஊற்றினால் போதும், ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு கண்ணாடி ஜாடியில் மெல்ல ஊற்றி (வண்டல் வரும்போது நிறுத்திவிட்டு) ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். வெள்ளை ஒயினை யாராவது இப்படி ஜாடியில் ஊற்றுவார்களா என்று கேட்பார்கள், இதற்கு ஊற்றத்தான் வேண்டும்.

படி 6: மூக்கை நம்புங்கள்

வயிறு அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் கிளாஸ் எடுத்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். நிறம் பொன் மஞ்சளாக இருக்கும், பழைய ஆண்டு என்றால் இன்னும் அடர்த்தியாக. முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் "கெட்டுப்போச்சோ" என்று பயந்து கீழே கொட்டிவிடுகிறார்கள். கிளாஸை மெல்லச் சுழற்றி முகருங்கள். தேன், தேன்மெழுகு, உலர்ந்த ஆப்ரிகாட், வறுத்த கொட்டை, இதெல்லாம் வந்தால் அது அந்த ஒயினின் இயல்பு. ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கார்க்கில் கோளாறு, கடையில் திருப்பிக் கொடுக்கலாம். வினிகர் நெடி மூக்கில் ஏறினால் நிஜமாகவே கெட்டதுதான். மூக்குக்குச் சந்தேகமாக இருந்தால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: விழுங்கிய பிறகு கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் உயிரோடு இருக்கிறது. நிறமும் மங்கி, புளிப்பும் இல்லாமல், நாக்கில் தட்டையாகக் கிடந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

படி 7: கூட எதைச் சாப்பிடுவது

அந்த ஊர்ச் சாப்பாடுதான் முதல் சாய்ஸ். தீயில் வாட்டிய கோழியும் பூண்டு அரைத்த தூமும், எள்ளு விழுது ஊற்றிய மீன், ஹம்மஸ், வறுத்த பாதாம். ரொம்பக் காரம் வேண்டாம், ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும், அதில் தேன் வாசனை எங்கே தெரியும்?

படி 8: பாதியை நாளைக்கு வையுங்கள்

ஜாடியில் மிச்சம் இருப்பதைப் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றி, கார்க்கால் இறுக்கி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இன்று மணத்ததை ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள், நாலு வார்த்தை போதும். நாளை அதே அரை மணி நேரம் வெளியே வைத்து, அதே கிளாஸில் ஊற்றி, தாளைப் பார்ப்பதற்கு முன்னால் முகர்ந்து பாருங்கள்.