நின்றுபோகும் பவர் சப்ளை என்ன சொல்கிறது?

கணினியின் பவர் சப்ளை ஒரு நொடி ஓடி நின்றுவிட்டால், உடனே அதைக் குப்பையில் போடாதீர்கள். பல நேரங்களில் அது தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. எங்கோ மின்னழுத்தம் எகிறியிருக்கும், அல்லது ஷார்ட் ஆகியிருக்கும். எதைக் கண்டு நின்றது என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். மதர்போர்டில் மாட்டும் வழக்கமான 24 முனை ஏடிஎக்ஸ் (மேசைக் கணினிகளுக்கான பொதுத் தரம்) இணைப்பானில், ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், கணினி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் தரும் காத்திருப்புப் பகுதியே பழுது. மற்றதைத் தேடிப் பயனில்லை. இருந்தால், சுமைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, பச்சை வயரைக் கருப்போடு இணையுங்கள்; பவர் சப்ளையை ஓடச் சொல்லும் வயர் பச்சை, கருப்பு அதன் தரை (கிரவுண்ட்).

விசிறி ஒருமுறை துள்ளி நின்று, பிறகு அசையவே இல்லையா? பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது. பச்சை வயரை எடுத்துவிட்டு மறுபடி இணைத்தாலோ, மின்சாரத்தைத் துண்டித்துச் சற்றுப் பொறுத்துக் கொடுத்தாலோதான் அது மீண்டும் முயலும். அப்படி முயன்றும் நின்றால் கோளாறு பெட்டிக்குள்தான். ஓடினால் மதர்போர்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.

சாம்பல் வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியீடுகள் நிலைபெற்று 100 முதல் 500 மில்லி நொடிக்குள் அதில் 5 வோல்ட் வரவேண்டும். ‘எல்லாம் நலம்’ என்று மதர்போர்டுக்குச் சொல்லும் வயர் அது. மற்ற அழுத்தங்கள் சரியாக இருந்தும் அது வராவிட்டால் கணினி கிளம்பாது, பழி மதர்போர்டின் மேல் விழும்.

திறக்க வேண்டியிருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். 230 வோல்ட் இணைப்பில் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடையைக் காப்பிட்ட கம்பிகளால் அரை நிமிடம் இணைத்து, மீட்டரில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை.

பிறகு வெளியீட்டு வயர்களான மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு ஆகியவற்றைக் கருப்போடு ஓம் அளவில் பாருங்கள். சில பத்து ஓம் காட்டினால் அஞ்ச வேண்டாம், உள்ளே சுமை மின்தடைகள் உண்டு. கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டினால் வெளியீட்டு டையோடுகளைச் சந்தேகியுங்கள்.

பாதுகாப்புச் சுற்றின் ஐசி முனையைத் தரையோடு இணைத்து, அதை முடக்கி ஓடவைக்கும் குறுக்குவழியைத் தயவுசெய்து தொடாதீர்கள். 5 வோல்ட் வெளியீடு 7 வோல்ட்டைத் தாண்டுவதற்குள் நிறுத்தவே அந்தச் சுற்று இருக்கிறது. அதை முடக்கினால் டிஸ்க்கில் உள்ள தரவுகளும் சேர்ந்து போகும்.

சிறிய அடாப்டர்கள் வேறு விதம். பல அடாப்டர்கள் பூட்டிக்கொள்வதில்லை; ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டு முயலும். யூசி 3842 என்ற கட்டுப்பாட்டு ஐசி உள்ளவற்றில், அந்த ஐசிக்கு வரும் மின்னழுத்தம் 16 வோல்ட் எட்டினால் தொடங்கும், 10 வோல்ட்டுக்கு இறங்கினால் நிற்கும். வெளியீட்டில் ஷார்ட் இல்லாமலே டிக் சத்தம் வந்தால், ஐசியின் அருகிலுள்ள சிறிய மின்பகு கெப்பாசிட்டரை முதலில் மாற்றுங்கள். அது வறண்டுபோனாலும் இதே சத்தம்தான் வரும்.